ஒரு போட்டோவும் எங்கள் காப்பித் தொட்டியும்

பொங்கல் வாழ்த்து அனுப்பிய யாருக்கும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வாரமாக ஏற்காட்டில் தம்பி வீட்டில் இருந்தேன். அங்கே போனில் சிக்னல் வேண்டுமென்றால் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் ஏற வேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாத காரியம். சேலத்துக்கு இறங்கி நாலு நாள் ஆகிறது. உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பரீட்சை இல்லை, மெதுவாகப் படியுங்கள்.

இது நவம்பரில் ஆரம்பித்தது. 2001ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது இத்தாலியில், ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பக்கம் வேலை பார்க்கிறான். (பெயர் போடாதீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டான். ஒயின் விஷயமாம், அவன் அம்மாவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாராம்!) அவன் வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் போட்டோ அனுப்பியிருந்தான். ஒரு குடும்பம் நடத்துகிற திராட்சைத் தோட்டம். மலைச்சரிவில் வரிசை வரிசையாகக் கொடி, நடுவில் கல் வீடு, அந்த வீட்டின் பரண். பரணின் உத்தரத்திலிருந்து திராட்சைக் குலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. மூலையில் சின்னச் சின்ன மரப் பீப்பாய்கள். ஒரு பீப்பாய் மேல் கையை வைத்துக்கொண்டு, என் வயதை விட மூத்த ஒரு அம்மாள், ஏப்ரன் கட்டி நிற்கிறார். கீழே எழுதியிருந்தான்: "டீச்சர், நீங்க கிளாஸ்ல உங்க அப்பா காப்பித் தோட்டத்தைப் பத்திச் சொன்னது ஞாபகம் வந்துச்சு."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஆனால் அந்த அம்மாள் பீப்பாய் மேல் வைத்திருந்த கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது அப்படியே என் அம்மாவின் கை.

பையனிடம் விவரம் கேட்டேன். அந்தப் பக்கத்தில் அதற்கு வின் சான்டோ என்று பேராம், புனித ஒயின் என்று அர்த்தம். திராட்சையைப் பறித்தவுடன் பிழிவதில்லை. உத்தரத்தில் தொங்கவிட்டோ, நாணல் பாயில் பரப்பியோ, குளிர்காலம் வரை வாட விடுகிறார்கள். தண்ணீர் வற்றி இனிப்பு கூடிய பிறகு பிழிந்து, சின்னப் பீப்பாயில் ஊற்றி, வாயை அடைத்து, பரணிலேயே போட்டுவிடுகிறார்கள். நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடியை இருட்டு அறையில் வைப்போம் அல்லவா, அதற்கு நேர்மாறு. கோடையின் வெயிலும் பனிக்காலத்தின் குளிரும் பரணில் மாறி மாறி அடிக்க வேண்டும், அதுதான் பக்குவம். மூன்று வருடம், சிலர் அதற்கும் மேலே. நடுவில் திறக்கவே மாட்டார்களாம்.

இன்னொன்று சொன்னான், அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. பழைய ஒயினை எடுத்த பிறகு பீப்பாயின் அடியில் கெட்டியாக ஒரு கசடு நிற்குமாம். அதைக் கழுவிக் கொட்ட மாட்டார்கள். அதன் மேலேயே புதுச் சாற்றை ஊற்றுவார்கள். அந்தக் கசடுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மாத்ரே. தாய் என்று அர்த்தம். பால் உறை ஊற்ற நேற்றைய மோரை எடுத்து வைப்போமே, அது மாதிரி. ஆனால் பாட்டி காலத்து உறை, கொள்ளுப்பாட்டி காலத்து உறை என்று குடும்பச் சொத்தாக வருகிறதாம்.

எனக்கு உடனே தம்பிக்குப் போன் போட வேண்டும் போல இருந்தது. போட்டேன். அங்கேதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தெரியாத பிள்ளைகளுக்காக. சேர்வராயன் மலையில் காப்பி வந்து 200 வருடம் ஆகிறது. 1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து வைத்தது. கிரேஞ்ச் எஸ்டேட் என்று இன்றும் பெயர் இருக்கிறது. பெரிய பெரிய எஸ்டேட்டுகளெல்லாம் வெள்ளைக்காரர்கள் காலத்தவை. எங்களுடையது அந்தக் கணக்கில் சேராது. அப்பா ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து, மிச்சம் பிடித்து, அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வாங்கிச் சேர்த்து ஐந்தரை ஏக்கர் ஆக்கினார். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகு, நடுநடுவே ஆரஞ்சும் பலாவும். காப்பி எல்லாம் அராபிகா.

மாசி பங்குனியில் ஒரு மழை பெய்ய வேண்டும். பூ மழை என்போம். பெய்து எட்டு பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி வாசனை. மூன்றாம் நாள் பழுப்பேறி உதிர்ந்துவிடும். கார்த்திகையில் பழம் சிவக்க ஆரம்பிக்கும், தை வரை பறிப்பு.

சரி, வகுப்பு எடுக்கிற பழக்கம் போகாது, கேளுங்கள். காப்பிப் பழத்துக்குள்ளே இரண்டு கொட்டை. கொட்டையைச் சுற்றி இனிப்பாக ஒரு கொழகொழப்பு. ஒயின்காரர்கள் பழச்சாற்றை வைத்துக்கொண்டு கொட்டையை எறிகிறார்கள், நாம் பழத்தை எறிந்துவிட்டுக் கொட்டையை வைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கொழகொழப்பு லேசில் போகாது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. அதைப் புளிக்க வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, முங்கினதை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் உரித்து, கொட்டையை சிமெண்ட் தொட்டியில் விடுவோம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வேலை செய்து கொழகொழப்பைத் தின்றுவிடும். சமவெளிச் சூட்டில் ஒரு நாள் போதும். எங்கள் மார்கழிக் குளிருக்கு ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட ஆகும்.

எப்போது ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்க்க வேண்டும். வழுக்கினால் ஆகவில்லை. ஆற்று மணல் கூழாங்கல்லைக் கசக்கின மாதிரி கரகரவென்று சத்தம் கேட்டால் ஆகிவிட்டது. ஒரு குச்சியைச் செருகி எடுத்தால் அந்த ஓட்டை மூடாமல் அப்படியே நிற்கும். அந்த நிமிஷமே கழுவிவிட வேண்டும், நடுராத்திரி ஆனாலும். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, களத்தில் பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். மத்தியானம் வெயில் உக்கிரமானால் மூட வேண்டும், பனி இறங்கினால் மூட வேண்டும். 100 கிலோ பழம் பறித்தால் காய்ந்த பிறகு கையில் நிற்பது 20 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு.

எங்கள் வீட்டில் இந்தக் கசக்கிப் பார்க்கிற வேலை அம்மாவுடையது. அப்பா பல்பர் சுற்றுவார், கணக்கு எழுதுவார், கணக்குப் புத்தகத்தில் எல்லாம் அவர் கையெழுத்துதான். ஆனால் "ஆச்சா?" என்று அவர் கேட்பது அம்மாவிடம். ராத்திரி இரண்டு மணிக்கு அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு போய், புடவையைச் சொருகிக்கொண்டு, தொட்டி மேல் குனிந்து நிற்பாள். அந்தப் புளித்த வாசனை என் தலைமுடியில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்காகவே எனக்கு அந்தத் தொட்டியைப் பிடிக்காது. படித்து இறங்கிப் போய்விட வேண்டும் என்று நினைத்ததில் அந்த வாசனைக்கும் பங்கு உண்டு.

இப்போது போனுக்கு வருகிறேன். அப்பா 1998ல் போய்ச் சேர்ந்தார், உயில் எழுதவில்லை. அம்மாவும் போய்விட்டாள். தோட்டம் நான், தங்கை, தம்பி மூன்று பேருக்கும் பொது. ஆனால் இத்தனை வருஷமும் செடியோடு நின்றது தம்பி ஒருவன்தான். நானும் தங்கையும் வருஷத்துக்கு ஒருமுறை போய் ஒரு மூட்டை மிளகும் காப்பித்தூளும் வாங்கி வருகிற ஆட்கள். போன வருடம் ஒருவர் வந்து தோட்டத்தை நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறார். காட்டேஜ் கட்டுவதற்கு. தங்கைக்கு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, பணம் உடனே தேவை. தம்பியும் "வித்துடலாம்" என்கிற நிலையில் இருந்தான். அவனுக்கு 62 வயது. பறிக்க ஆள் கிடைப்பதில்லை, இருக்கிற இளம் பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் சேலத்துக்கும் வேலைக்கு இறங்கிவிட்டார்கள். தண்டுத் துளைப்பான் விழுந்த செடிகளை வருஷா வருஷம் பிடுங்கி எரிக்க வேண்டியிருக்கிறது. காட்டெருமை வேறு வேலியைச் சாய்த்துவிட்டுப் போகிறது.

நான் மட்டும்தான் விற்கக் கூடாது என்று நின்றேன். அன்றைக்குப் போனில் இத்தாலிப் பிரசங்கம் ஆரம்பித்தேன். "பாரு, அங்கே ஆன்டினோரின்னு ஒரு குடும்பம், 1385லிருந்து ஒயின் பண்றாங்க, 26 தலைமுறை! நாம ரெண்டாவது தலைமுறையிலேயே..." என்று பேசிக்கொண்டே போகிறேன். அவன் பொறுமையாகக் கேட்டான். தம்பி எப்போதும் நடுவில் பேச மாட்டான். நான் மூச்சு விட நிறுத்தினபோது ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, நீ வந்து தொட்டி கழுவறியா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத்தான் கையிலிருந்த போன் கனத்தது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும்.

1976 டிசம்பர். பி.யூ.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன், ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுகிற யோசனையில். தம்பி ஒன்பதாம் வகுப்பு. அதற்கு முந்தின வருஷம் ஜூலையில் பிரேசிலில் பெரிய உறைபனி விழுந்து அங்கே காப்பிச் செடிகள் கருகிவிட்டன. அதனால் உலகம் முழுக்கக் காப்பி விலை ஏறிக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் நம் இஷ்டத்துக்கு வெளியில் விற்க முடியாது. விளைந்ததைக் காப்பி வாரியத்தின் பூலில் ஒப்படைக்க வேண்டும், தரம் பார்த்து, பணம் தவணை தவணையாக வரும். ஆனாலும் அந்த வருஷம் நல்ல வருஷம் என்று அப்பா முகத்திலேயே தெரிந்தது. பல்பருக்கு மோட்டார் வைப்பது, கூரைக்கு ஓடு மாற்றுவது, என் பயிற்சிச் செலவு என்று எல்லாம் கணக்கில் எழுதி வைத்திருந்தார்.

அம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு தொட்டி கழுவி முடிந்து அடுத்த பழம் விடுவதற்கு முன், தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். "மூலையில ஒரு கொட்டைகூட இருக்கக் கூடாது பாப்பா, தண்ணி போற வாய் இருக்கே, அதுக்குள்ள கைவிட்டுப் பாரு" என்று படுக்கையிலிருந்தே சொன்னாள். குளிர். தண்ணீர் ஐஸ் மாதிரி. நான் நாலு வாளி ஊற்றி, துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வந்துவிட்டேன். வாய்க்குள் கை விடவில்லை. தம்பி தொட்டித் திட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாயில் ஒரு பிடி பழைய கொட்டை சிக்கியிருந்தது. நாலைந்து நாளாக அழுகினது. அதன் மேல் புதுக் கொட்டை விழுந்தது. அழுகின கொட்டை நாலு இருந்தால் போதும், நாற்றம் மொத்தத்திலும் ஏறும். காய்ந்த பிறகு பார்வைக்குத் தெரியாது. வறுத்துப் பொடித்துத் தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். களத்தில் மூன்றாம் நாள் அப்பா ஒரு கொட்டையை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னொன்று. அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார். உச்சப் பறிப்பில் இரண்டு நாள் பழம் அது. அந்த வருஷ விளைச்சலில் நல்ல பங்கு.

"தொட்டி கழுவினது யாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், உண்மையில் திறந்திருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தம்பி சொன்னான்: "நான்தாம்ப்பா. அக்காவைப் போகச் சொல்லிட்டு நான் கழுவினேன்."

அடி விழுந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவுக்குத் தெரியும். காய்ச்சலோடு என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஜூனில் நான் பயிற்சிப் பள்ளி விடுதிக்குப் போனேன். தம்பியை அப்பா பத்தாவதோடு நிறுத்தினார். "இனிமே தொட்டியை நீதான் பார்க்கணும், தப்புப் பண்ணினவன்தான் நல்லாக் கத்துக்குவான்" என்றார். அந்த ஒரு தொட்டிக்காகத்தான் நிறுத்தினார் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்திருந்தது, ஆள் வேண்டும். ஆனால் அந்தத் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. 1980ல் எனக்கு வேலை கிடைத்தது. 36 வருஷம் உங்களுக்கெல்லாம் உண்மை பேச வேண்டும் என்று பாடம் நடத்தினேன்.

இத்தாலியில் அடிக்கசடைத் தாய் என்கிறார்கள். எங்கள் தொட்டியில் அடியில் தங்கினது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் செய்தி என்னை அப்படிப் பிடித்தது.

டிசம்பர் 10ம் தேதி வாக்கில் செய்தியில் சொன்னார்கள், உலகச் சந்தையில் அராபிகா விலை 1977ன் உச்சத்தைத் தாண்டிவிட்டது என்று. 47 வருஷம் கழித்து, அதே மாதிரி ஒரு மார்கழி. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஸ்வெட்டர், தைலம், இரண்டு பழைய புடவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் கண்ணை மூடிக்கொண்டே போனேன், வயிறு கேட்காது.

தம்பி என்னைப் பார்த்ததும், "எதுக்கு பாக்க வந்திருக்கே, கையெழுத்துப் போடவா, போடமாட்டேன்னு சொல்லவா?" என்றான். "தொட்டி கழுவ" என்றேன். சிரித்துவிட்டான். தம்பி மனைவி "அண்ணி, இந்தக் குளிர்லயா!" என்றாள்.

கழுவினேன். மூன்று வாரத்தில் எட்டுத் தடவை. இப்போது பல்பருக்கு மோட்டார் இருக்கிறது, தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. ஆனால் மூலை மூலைதான், வாய் வாய்தான். குத்துக்காலிட முடியாது என்பதால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரால் தேய்த்து, வாய்க்குள் கைவிட்டு ஒவ்வொரு கொட்டையாக எடுத்தேன். முதல் தடவை முடிந்ததும் தம்பி வந்து, எதுவும் பேசாமல், தானும் கைவிட்டுப் பார்த்தான். ஒரு கொட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி, அடுப்பங்கரையில் குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். 1976 பற்றி. நீ ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. வெளியே வரும்போது இரண்டு வரிதான் வந்தது.

அவன் தணலைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "எனக்குக் கணக்கு வரலைக்கா. அப்பா கோவத்துல பள்ளிக்கூடத்தை நிறுத்திடுவாருன்னு பார்த்தேன். அவரு அடிச்சதோட விட்டுட்டாரு. இன்னும் ரெண்டு வருஷம் அனுப்பினாரு."

இது உண்மையா, எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை. பொய் சொல்கிற பிள்ளையைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பெருமை அடித்துக்கொள்கிறவள் நான். அவன் கண் தணலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் விலை பற்றிப் பேசினோம். இந்த வருஷம் நல்ல பணம் வரும். நம் நாட்டுக் காப்பியை அதிகமாக வாங்குகிற நாடு எது தெரியுமா பிள்ளைகளே? இத்தாலிதான். அங்கே போவதில் பாதிக்கு மேல் ரோபஸ்டா என்றாலும், எங்கள் மலைக் கொட்டை நாலாவது அந்தப் பரண் வீட்டு அம்மாளின் கோப்பையில் விழாதா என்று நான் சொன்னதற்கு, தம்பி மகள் "அத்தை, ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க" என்றாள். அவள் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டுக் களத்துக்கு வந்து கிளறுகிறாள். தொடர்ந்து செய்வாளா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அது பிரசங்கமாகிவிடும்.

சொந்தக்காரர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். ஆளாளுக்குப் போன் போட்டு ஒவ்வொரு மாதிரி பேச வேண்டாம் என்பதற்காகத்தான் இங்கேயே எழுதுகிறேன். ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு ஏக்கரை விற்று அந்தப் பணம் முழுவதும் தங்கைக்கு. அவள் சம்மதித்துவிட்டாள், சந்தோஷமாக இல்லை, ஆனால் சம்மதம். மிச்ச நாலரை ஏக்கரில் என் பங்குக்குத் தம்பி பெயரில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுக்கப் போகிறேன். என் மகனிடம் கேட்டாகிவிட்டது. நான் பென்ஷன்காரி, எனக்குப் போதும். தம்பி தோட்டத்தை வைத்துக்கொள்வானா, இரண்டு அறுவடை பார்த்துவிட்டு விற்பானா, அது அவன் இஷ்டம். விற்கக் கூடாது என்று நான் வாயைத் திறக்க மாட்டேன். இவ்வளவு கைநாற்றமும் அவனுடையது, தீர்மானமும் அவனுடையதாக இருக்கட்டும்.

இந்தப் பத்திர விஷயத்தை அவனிடம் சொன்னபோது "உனக்கு என்ன பைத்தியமா" என்றான். தம்பி மனைவிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட எழுந்து போனாள். வெல்லம் போட்ட வரக்காப்பி. அந்த வீட்டில் பால் காப்பி விருந்தாளிக்குத்தான்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், பொங்கல் முடிந்து, கடைசிப் பெரிய தொட்டி. விடியற்காலை நாலு மணி. தம்பி கதவைத் தட்டி எழுப்பினான். டார்ச் வெளிச்சத்தில் போனோம். பனி தரையோடு தரையாக நின்றது, சில்வர் ஓக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தொட்டி மேலே மெலிசாக நுரை. அந்த வாசனை வந்ததும் எனக்குப் பதினெட்டு வயது.

"நீ பாருக்கா" என்றான்.

"எனக்கு என்னடா தெரியும்?"

"அம்மா பண்ணினதைப் பாத்திருக்கே இல்ல?"

ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கை வரை விட்டேன். மேலே சில்லென்று இருந்தது. உள்ளே போகப் போக வெதுவெதுப்பு. புளிக்கும்போது சூடு வரும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும், கையால் தெரிந்தது அன்றைக்குத்தான். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கசக்கினேன். கரகரவென்றுதான் இருந்தது. ஆனால் எங்கேயோ ஒரு இழை வழுக்குகிற மாதிரியும் இருந்தது.

"ஆச்சா?" என்றான். அப்பா கேட்கிற அதே குரல்.

"இன்னும் அரை மணி நேரம்" என்றேன்.

அவன் கைவிட்டுப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கசக்கினான். "இல்லக்கா, ஆயிடுச்சு. கழுவிடலாம்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறக்கப் போனான். நான் வாய்க் கட்டையை உருவினேன்.